தண்ணீர் குடித்த வில்

அக்கா கெஸாங் அன்று காலையில் தன் சிவப்புக் கீராவை எடுத்துக் கட்டிக்கொண்டாள். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வருகிற நெசவு உடை அது.

"வில்லு பாக்கப் போறதுக்கு இதா?" என்றார் நிதுப் அத்தான். அடுப்பருகே உட்கார்ந்து வெண்ணெய்த் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"வில்லு உனக்கு. கீரா எனக்கு" என்றாள் அக்கா.

அத்தான் சிரித்தார். அவர்கள் இரண்டு பேரும் இப்படிப் பேசிக்கொண்டு வெகுநாளாகிவிட்டது. அரா சாராயப் பாட்டிலைத் துணியில் சுற்றுகிற சாக்கில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் பார்ப்பது தெரிந்தால் நிறுத்திவிடுவார்களோ என்று பயம்.

போன புத்தாண்டு வில் போட்டியோடு எங்கள் வீட்டில் சிரிப்பு நின்று போயிருந்தது. எங்கள் லுங்சோவுக்கும் ஆற்றின் அக்கரையில் இருக்கிற ஓம்தேக்கும் வருஷா வருஷம் நடக்கிற போட்டி அது. முந்தைய இரவு எந்த வில்லாளியும் வீட்டில் படுக்கக் கூடாது. எங்கள் ஆண்கள் எல்லாரும் மைதானத்தோரம் கூடாரம் போட்டு ஒன்றாகப் படுப்பார்கள்; ஓம்தேக்காரர்கள் தனியாக. பெண்ணிடம் போனவன் கையில் வில் நிற்காது, அவனால் ஊரே தோற்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

போன வருஷம் அந்த இரவில் நிதுப் அத்தான் கூடாரத்திலிருந்து எழுந்து போனதை அணித் தலைவர் வாங்தா பார்த்துவிட்டார். மறுநாள் அத்தானின் புதிய வில், நாணை இழுத்தபோதே பிளந்து போனது. இரவல் வில்லில் அவர் விட்ட அம்புகள் எல்லாம் புல்லில் போய்க் குத்தின. தோற்றோம்.

ராத்திரியில் எழுந்து எங்கே போயிருப்பான்? பெண்டாட்டியிடம்தான். ஊர் அப்படித்தான் முடிவு கட்டியது.

அத்தான் அக்காவிடம் அடித்துச் சத்தியம் செய்தார். வயிறு சரியில்லை, காட்டுப் பக்கம் போய்விட்டு அப்படியே திரும்பி வந்து படுத்துவிட்டேன் என்றார். அக்கா நம்பினாள். அவர் வீட்டுக்கு வரவில்லை என்பது அவளுக்குத் தெரியுமே. எனக்கும் தெரியும். அன்று அக்காவின் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். அதை ஒருமுறை நீர்க்குழாயடியில் சொல்லவும் சொன்னேன். "தங்கச்சி சாட்சியாம்" என்று சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு வந்ததிலிருந்தே நான் அதிகம் பேசுகிறவள் இல்லை.

போட்டியில் நம் ஆள் எய்யும்போது நம் பெண்கள் பாட வேண்டும். எதிராளி எய்யும்போது கேலி செய்து அவன் கையை நடுங்கவைக்க வேண்டும். லுங்சோவில் அக்காவுக்கு இணையான குரல் கிடையாது. அவளைத்தான் அன்று மைதானத்திலேயே பாட்டு வரிசையிலிருந்து விலக்கினார்கள். போட்டி முடிவதற்குள் ஓம்தேக்காரிகள் அவளைப் பற்றிப் பாட்டே கட்டிவிட்டார்கள். 'லுங்சோ வீட்டுக்காரி, உன் மெத்தை அத்தனை குளிரா, ஒரு ராத்திரி பொறுக்காதா' என்று தொடங்கும். முன்னால் நின்று எடுத்துக் கொடுத்தவள் செக்கி, ஓம்தேயில் அத்தானின் அம்மா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. மைதானம் முழுக்கச் சிரித்தது. அக்கா கூட்டத்தின் கடைசியில் நின்று முழுப் பாட்டையும் கேட்டாள்.

இந்த வருஷம் அத்தான் ஒழுங்காக எய்து ஜெயித்தால் அந்தப் பேச்சு ஓயும். அக்கா திரும்பவும் வரிசையில் நிற்கலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காகத்தான் அப்பா வெட்டிவைத்துவிட்டுப் போன மூங்கிலை அடுப்புக்கு மேலிருந்து இறக்கி, வில் செய்யக் கொடுத்தாள். வருஷக்கணக்காகப் புகை குடித்துத் தேன் நிறமாகியிருந்த மூங்கில் அது. யார் கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்தாள்.

நாளைச் சாயங்காலம் ஆண்கள் கூடாரத்துக்குப் போகிறார்கள். இன்றைக்கு வில் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

நீர்க்குழாயடியைத் தாண்டித்தான் மேட்டு வழி. வாங்தாவின் மனைவி பெல்தென் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தாள். பாட்டு வரிசைக்கு இப்போது அவள்தான் தலைவி.

"என்ன கெஸாங், சிவப்புக் கீராவெல்லாம். புது வில்லா?"

"ஆமாக்கா."

"வில்லோட சேத்து ஒரு பூட்டும் வாங்கிக்கோ. நாளைக்கு ராத்திரி உன் வீட்டுக் கதவுக்கு ஆகும்."

பக்கத்திலிருந்த பெண்கள் முள்ளங்கியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"சாவியை உங்ககிட்டயே குடுத்துர்றேன்க்கா. நீங்கதான் ராத்திரியெல்லாம் முழிச்சு யாரு எங்க போறான்னு எண்ணிட்டு இருக்கீங்களே" என்றாள் அக்கா. நின்றுதான் சொன்னாள். குரலில் நடுக்கம் இல்லை. ஆனால் கூடையைத் தோள் மாற்றியபோது அவள் கழுத்து சிவந்திருந்ததைப் பார்த்தேன்.

அத்தான் நிற்கவில்லை. அந்தப் பேச்சு தொடங்கியபோதே நடையை எட்டிப் போட்டு வளைவைத் தாண்டியிருந்தார்.

"உனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றேன் அக்காவிடம், மெதுவாக.

"ஆம்பளை எதுக்குப் பொம்பளைங்க பேச்சுல வாயை விடணும்? விடு" என்றாள்.

எல்லாரும் மரியாதையாக 'ஆப்' என்கிற தோபுவின் வீடு மேட்டில், பைன் மரங்களுக்குக் கீழே தனியாக இருக்கிறது. லுங்சோ, ஓம்தே இரண்டுக்கும் அவர்தான் வில் செய்கிறார். இரண்டு ஊர்ச் செய்தியையும் இரண்டு ஊருக்கும் கொண்டு சேர்ப்பவரும் அவர்தான். அவரிடம் காலையில் ஒன்றைச் சொன்னால் மாலையில் அது வேறொருவர் வாய்வழியாக நம் வீட்டுக்கே திரும்பி வரும்.

"வாங்க வாங்க. ஊமைக்கோழியும் வந்திருக்கா?" என்றார் என்னைப் பார்த்து. வெற்றிலை மென்று மென்று அவர் உதடு ரத்தம் போலச் சிவந்திருந்தது. "உக்காருங்க. ஆனா பொம்பளைங்க அந்த விறகு அடுக்குக்கு அந்தப் பக்கம். தெரியும்ல? தொடக் கூடாது, தாண்டக் கூடாது. ஒரு வில்லுக்கு எத்தனை நாள் ஒழைக்கறேன். நீங்க பாட்டுக்குக் கீராவை வீசிட்டுத் தாண்டிட்டுப் போயிட்டா அதை அடுப்புலதான் வைக்கணும்."

"தெரியும் ஆப். எங்க வீட்டுலயும் வில்லு இருந்துச்சே" என்றாள் அக்கா. நாங்கள் விறகு அடுக்கின் ஓரமாக உட்கார்ந்தோம். அரா பாட்டிலை நடுவில் வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர் போல உள்ளே போனார்.

மூன்று வில்களைக் கொண்டுவந்து பாயில் வைத்தார்.

"இந்தா மாப்ளே. எடுத்துப் பாரு. ரெண்டு ஏற்கெனவே செஞ்சு வச்சது. மூணாவது உன் பொண்டாட்டி குடுத்த மூங்கில். உனக்குப் பிடிக்கலைன்னா எதை வேணா எடுத்துக்கோ. வாங்க ஆள் இருக்கு."

எங்கள் பக்கத்து வில் ஒற்றை மூங்கில் அல்ல. இரண்டு பிளாச்சுகளை நடுவில் ஒன்றன்மேல் ஒன்று சேர்த்து, கைப்பிடிக்கு இறுக்கிச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். இரண்டும் ஒரே மாதிரி வளைய வேண்டும். ஒன்று அடங்கி மற்றொன்று முரண்டு பிடித்தால் அம்பு கோணிப் போகும்.

அத்தான் முதல் வில்லை எடுத்தார். நாண் பூட்டினார், பாதி இழுத்தார், அம்பு வைக்காமல் மெதுவாகத் திரும்ப விட்டார்.

"சுலபமா வருது" என்றார்.

"வரும். நிழல்ல வளந்த மூங்கில். சின்னப் பசங்களுக்கு நல்லது. நம்ம இலக்குக்கு வழியிலயே படுத்துத் தூங்கிரும் அம்பு."

இரண்டாவது வில்லை இழுத்தபோது அத்தானின் தாடை இறுகியது. தோளுக்கு வருமுன்பே கை நடுங்கியது.

"இது?"

"இது ஓம்தே எருமைக்காரன் கேட்டான். எருமையே வந்துதான் இழுக்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டான்."

அத்தான் சிரித்துக்கொண்டே அதை வைத்துவிட்டு மூன்றாவதை எடுத்தார். எடுத்த விதமே வேறாக இருந்தது. முதலில் கைப்பிடியில் ஒரு விரலை வைத்து அப்படியே தாங்கினார். வில் இரண்டு பக்கமும் சாயாமல் நின்றது. நகத்தால் தட்டினார். வறண்ட, கெட்டியான சத்தம். முகர்ந்து பார்த்தார்.

"நம்ம வீட்டு அடுப்பு வாசம்" என்றார் அக்காவைப் பார்த்து.

அக்கா புன்னகை செய்தாள். அவ்வளவு அழகான புன்னகையை இந்த வருஷத்தில் நான் பார்க்கவில்லை.

ஆப் தோபுவின் முள்ளங்கி வயலுக்கு அந்தப் பக்கம் ஓர் அடிமரம் இருக்கிறது. அத்தான் நின்றார், கோ அங்கியின் கைமடிப்பைச் சரிசெய்தார், இழுத்தார். நாண் காது வரைக்கும் வழுக்கிக்கொண்டு வந்தது. அம்பு போனதை நான் பார்க்கவில்லை. மரத்தில் குத்திய சத்தம்தான் கேட்டது. அடுத்த அம்பு அதற்குப் பக்கத்திலேயே, இரண்டுக்கும் நடுவே ஒரு வெற்றிலை வைக்கிற இடம் விட்டுப் போய் நின்றது.

ஆப் தோபு ஒற்றைக் காலைத் தூக்கி ஆடிக் காட்டினார். மைதானத்தில் இலக்கை அடித்தால் ஆடுகிற ஆட்டம். அக்கா தன்னை மறந்து அந்த ஆட்டத்துக்கான பாட்டின் முதல் அடியை எடுத்தாள். வாய்க்குள்தான் பாடினாள். ஆனாலும் பாடினாள்.

"இதுதான் ஆப்" என்றார் அத்தான்.

"வேற எதை எடுத்தாலும் உன்னை அடிச்சே அனுப்பியிருப்பேன். இரு, கைப்பிடி மட்டும் கொஞ்சம் தடிமனா இருக்கோன்னு ஒரு நெனப்பு. பழைய வில்லோட வச்சுப் பாத்துருவோம்."

அத்தான் நிமிர்ந்தார். "எந்தப் பழைய வில்லு?"

"போன வருஷத்துது. இவதான் அறுப்பு முடிஞ்சப்பவே கொண்டாந்து குடுத்தா, அளவுக்கு ஆகும்னு."

"அதை எரிக்கச் சொன்னேனே" என்றார் அத்தான் அக்காவிடம்.

"அளவுக்கு வேணுமேன்னு பரண்ல வச்சிருந்தேன். உன் கைக்குன்னு செஞ்சதுதானே அது?"

ஆப் தோபு உள்ளேயிருந்து பிளந்துபோன வில்லைக் கொண்டுவந்தார். கைப்பிடிச் சுற்று அவிழ்ந்து தொங்கியது. அதைப் பாயில் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"நல்லவேளை எரிக்கல. ஒரு வருஷமா உன்னை நேர்ல பாத்துக் கேக்கணும்னு இருந்தேன் மாப்ளே. தோபு செஞ்ச வில்லு மைதானத்துல வெடிச்சுருச்சுன்னு ரெண்டு ஊரும் பேசிச்சு. ஓம்தேல ஒருத்தன் எங்கிட்ட வந்து, ஆப், வில்லு செய்யறீங்களா, வெறகு ஒடைக்கறீங்களான்னு கேட்டான். அந்தச் சுத்தை அவுத்தப்பறம்தான் எனக்கு வெளங்கிச்சு."

"என்ன?" என்றாள் அக்கா.

"உள்ள பாரு. அங்கேர்ந்தே பாரு, தொடாதே. ரெண்டு பிளாச்சுக்கும் நடுவுல மணல். மினுமினுன்னு ஆத்து மணல். பாசி வேற ஒட்டிக் காஞ்சிருக்கு. மூங்கில் தண்ணியைக் குடிச்சு உப்பிப் போய், சுத்தை நெம்பியிருக்கு. மறுநாள் வெயில்ல இழுத்தா பிளக்காம என்ன செய்யும்?"

"மழை ஏதாவது..." என்றார் அத்தான்.

"அந்த மாசத்துல மழையா? மழைல மணலா பெய்யும்? போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் நானே நாண் பூட்டி, எலும்பு மாதிரி காஞ்ச வில்லை உன் கைல குடுத்தேன். மறுநாள் காலைல உடைஞ்சுது. நடுவுல ஒரே ராத்திரி. நீ ஆத்துல எறங்கியிருக்கே." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கண்ணடித்தார். "சோசியர் சொல்லியிருப்பாரு, தோஷம் கழியணும்னா நடுராத்திரி ஆத்துல முங்குன்னு. சரிய்யா. நீ முங்கு. வில்லை எதுக்குய்யா முக்கினே?"

அத்தான் பழைய வில்லைப் பாயின் ஓரத்துக்குத் தள்ளினார்.

"அணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு, தப்பு என் வில்லு மேல இல்லைன்னு. எனக்கு அது போதும். இரு, போட்டிக்குன்னு நல்ல நாண் எடுத்தாரேன். காஞ்சொறி நார்ல புதுசா முறுக்கி வச்சிருக்கேன், மேல கொட்டாய்ல இருக்கு. வாங்தா வேற மத்தியானம் வந்து வில்லைப் பாக்கறேன்னிருக்கான்."

அவர் புதரை விலக்கிக்கொண்டு மேலே ஏறிப் போனார். போகும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே போனார். அந்தச் சத்தம் தேயும்வரை அக்கா பொறுத்திருந்தாள்.

"எந்த ஆறு?" என்றாள் அக்கா.

"அவரு குடிச்சிட்டு உளர்றாரு."

"பாட்டில் இன்னும் தெறக்கல."

அத்தான் பாட்டிலைப் பார்த்தார். பிறகு பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, அம்புகளை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார்.

"கூடாரத்துக்கும் காட்டுக்கும் நடுவுல ஆறு இல்ல நிதுப். கூடாரத்துக்கும் நம்ம வீட்டுக்கும் நடுவுலயும் இல்ல. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஓம்தே மட்டும்தான் இருக்கு."

"அம்மாவைப் பாக்கப் போனேன். ஒடம்பு சரியில்லைன்னு ஆள் வந்துச்சு. சொன்னா நீ பயப்படுவேன்னு..."

"அத்தை போன குளிர்காலம் பூரா புனாகாவுல உன் தங்கச்சி வீட்டுல இருந்தாங்க. நான்தான் அவங்களுக்கு மொளகா மூட்டை கட்டி அனுப்பினேன்."

அம்பு துடைத்த கை நின்றது.

"பாலம் இருக்கே. பாலத்து வழியாப் போகாம எதுக்கு அந்தக் குளிருல தண்ணில எறங்கினே?"

"பாலத்தடியிலதான் ஓம்தே ஆளுங்க கூடாரம் போட்டிருந்தாங்க" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது போலிருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா அழவில்லை. பாயில் கிடந்த பழைய வில்லைப் பார்த்தாள்.

"வில்லை ஏன் எடுத்துட்டுப் போனே?"

"கூடாரத்துல விட்டுட்டுப் போனா எவனாவது ஏதாவது செஞ்சு வச்சிருவான். போட்டிக்கு முந்தின ராத்திரி வில்லை யாரு தனியா விடுவா?"

"வில்லைத் தனியா விட முடியல" என்றாள் அக்கா.

வயலில் காக்கை ஒன்று அடிமரத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. அம்புகள் இரண்டும் இன்னும் அதில்தான் குத்தியிருந்தன.

"யாரு? செக்கியா?"

அத்தான் பழைய வில்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செக்கிதான்" என்றாள் அக்கா. பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவள் போல விறகு அடுக்கைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அந்தப் பாட்டு. என் மெத்தை குளிருதான்னு கேட்டாளே. நீ எங்க இருந்தேன்னு தெரிஞ்சுக்கிட்டே பாடியிருக்கா."

"அவ வேணும்னு செய்யல கெஸாங். அந்த நேரத்துல ஊரு வேற பக்கம் பாத்தா நல்லதுன்னு..."

"யாருக்கு நல்லது?"

அத்தான் ஓர் அம்பின் இறகை நீவினார்.

"அவ பாடப் போறான்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அத்தான் தலையைத் தூக்கவில்லை. அவர் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்திருப்பாள். அன்று மைதானத்தில் அந்தப் பாட்டு நடந்தபோது அத்தான் எங்கள் வில்லாளிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். அவமானத்தில் தலை குனிந்திருக்கிறார் என்று நினைத்து, வீட்டுக்கு வந்ததும் அவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தவள் அக்கா. அதை நான் நினைத்துக்கொண்டேன்.

அத்தான் பேச ஆரம்பித்தார். கெஞ்சவில்லை. சந்தையில் இரண்டு பேருக்கும் நஷ்டமில்லாமல் ஒரு மாட்டை விற்பதைப் பற்றிப் பேசுகிறவர் போல, பொறுமையாகப் பேசினார்.

"இங்க பாரு கெஸாங். நாளைக்குக் கூடாரம். இப்ப இது வெளில வந்தா என்னைத் தூக்கிருவாங்க. ஆளு கொறையும். ஊரு தோக்கும். இந்த வில்லு கைல இருந்தா நான் ஜெயிச்சுருவேன், நீயே பாத்தே. ஜெயிச்சா எல்லாம் மறந்து போயிரும்."

"எனக்கு?"

"உன்னைப் பத்தின பேச்சு பழசாயிருச்சு. ஒரு வருஷமாத் தாங்கிட்டே. எல்லாரும் நம்பியும் ஆச்சு. அதை அப்படியே விட்டுரேன். புதுசா எதுக்குக் கெளப்பணும்?"

அக்கா அவரை வெகுநேரம் பார்த்தாள். அவருக்கு எது நன்றாக இருக்கும் என்று துணிக்கடையில் நின்று பார்ப்பாளே, அதே மாதிரி தலையை லேசாகச் சாய்த்துப் பார்த்தாள்.

பிறகு எழுந்தாள். விறகு அடுக்கைச் சுற்றிக்கொண்டு பாயருகே வந்தாள். அப்பாவின் மூங்கிலில் செய்த வில் பாயின் நடுவில் கிடந்தது. சிவப்புக் கீராவை, ஆற்றில் இறங்கப் போகிறவள் போல, கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கெஸாங்" என்றார் அத்தான்.

முதலில் வலது கால். பிறகு இடது கால். வில்லின் மேலே, அவசரமில்லாமல் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றாள். கீராவைக் கீழே விட்டாள்.

அத்தான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பாம்பு தாண்டியிருந்தால்கூட அப்படி வெளுத்திருக்க மாட்டார். "அது உங்கப்பா மூங்கில்" என்றார். "என்ன காரியம் செஞ்சே? உங்கப்பா மூங்கில்."

"ஆமா" என்றாள் அக்கா. "எங்கப்பாவுதுதான்."

மேலே கொட்டகைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அத்தானின் முகம் மாறியது. சட்டென்று வில்லை எடுத்தார், கோவின் நுனியால் மேலிருந்து கீழ்வரை துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். பாதையைப் பார்த்தார். வயலைப் பார்த்தார். என்னையும் தாண்டிப் பார்த்தார்.

"யாரும் பாக்கல" என்றார். "பாக்காத வரைக்கும் ஒண்ணுமில்ல. நீயும் எதுவும் சொல்லாதே. ஊருல தெரிஞ்சா உனக்கும்தான் ஆபத்து. வேணும்னு வில்லைத் தாண்டினவளைச் சும்மா விடுவாங்களா?"

யாரும் பார்க்கவில்லை. நான் விறகு அடுக்குக்குப் பக்கத்தில், அவரிடமிருந்து ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா திரும்ப வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கை குளிர்ந்திருந்தது. அவள் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். சொல்லி, நிரூபித்து, நம்ப வைக்கிற தெம்பெல்லாம் இந்த ஒரு வருஷத்தில் அவளிடம் தீர்ந்துவிட்டிருந்தது.

ஆப் தோபு நாண் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

"என்னய்யா, எழவு வீடு மாதிரி இருக்கு? மனசு மாறிட்டியா? எந்த வில்லு?"

"இதேதான் ஆப்" என்றார் அத்தான். இரண்டு கையாலும் நீட்டினார். "சீக்கிரம் நாணைக் கட்டுங்க. வாங்தா வந்துருவாரு."

"கட்டறேன், கட்டறேன். நீ என்னம்மா கெஸாங், உனக்குத் திருப்திதானே?"

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புருஷன் பொண்டாட்டி சண்டையா? சரிதான். ஊமைக்கோழி, நீயாவது சொல்லு. எப்படி இருக்கு வில்லு?"

அவர் எப்போதும் கேட்கிற கேள்விதான். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். கேட்டுவிட்டு நாணின் முடிச்சை எச்சில் தொட்டு முறுக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஆப்" என்றேன்.

அவர் காதில் விழவில்லை. எனக்கே சரியாக விழவில்லை.

"ஆப், அந்த வில்லுக்கு நாண் கட்டாதீங்க."

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். நிறுத்து என்கிறாளா, சொல் என்கிறாளா தெரியவில்லை. தெரிந்துகொள்ள நின்றால் அப்புறம் என் வாயிலிருந்து வராது.

"அக்கா அதைத் தாண்டிட்டா."

ஆப் தோபுவின் கையிலிருந்து நாண் நழுவியது. "என்னது?"

"சின்னப் பொண்ணு ஏதோ உளர்றா" என்றார் அத்தான். "யூதென், வீட்டுக்குப் போ."

அவர் என் பெயரைச் சொல்லி எத்தனையோ மாதமாகிவிட்டது.

"ஏன் தாண்டினான்னு அத்தானைக் கேளுங்க ஆப். போன வருஷம் அந்த ராத்திரி உங்க வில்லை எந்தக் கரைக்குத் தூக்கிட்டுப் போனாருன்னும் கேளுங்க. எங்க வீட்டுக்கு வரல. நான் அக்கா பக்கத்துலதான் படுத்திருந்தேன். யாரும் என்னை நம்பல. நீங்க மணலைப் பாத்தீங்களே."

ஆப் தோபு பழைய வில்லைப் பார்த்தார். அதன் நடுவில் மினுங்கிய மணலைப் பார்த்தார். பிறகு எட்டி, கீழே வயல்களுக்கு அப்பால் வெயிலில் கிடந்த ஆற்றையும், அதற்கு அப்பால் ஓம்தேயின் கூரைகளையும் பார்த்தார். எப்போதும் மென்றுகொண்டிருக்கிற அவர் வாய் அசையாமல் நின்றிருந்தது.

"மாப்ளே" என்றார் கடைசியில். "உக்காரு."

அத்தான் உட்காரவில்லை. வில்லைக் கீழே வைக்கவும் இல்லை.

அக்கா என் கையை விட்டாள். அரா பாட்டிலை எடுத்துத் துணியை அவிழ்த்து, ஆப் தோபுவின் மரக் கிண்ணத்தில் விளிம்பு வரைக்கும் ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

"நிதானமாக் கேளுங்க ஆப்" என்றாள். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

கீழே பாதையில் கற்கள் உருளுகிற சத்தம் கேட்டது. யாரோ மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று குரல்கள்.

"நிதுப்" என்று வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாங்தா உற்சாகமாகக் கூப்பிட்டார். "வில்லு அமைஞ்சுதா?"